எட்டு கோரும் ஒரு மாமாவும்

இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸின் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 3 லட்சம் எழுத்துகள். ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள்தாம், மாறி மாறி வரும். 2001ல் இதை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். தாய்லாந்து இறாலில் கிடைத்த வைரஸை நெதர்லாந்து ஆய்வாளர்கள் படித்தார்கள், 2,92,967 எழுத்து. சீனாவில் படித்தது 3,05,107. இந்த இரண்டையும் அருகருகே வைத்து எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று பார்க்க என் மடிக்கணினியில் ஒரு நிரல் எழுதினேன். அதற்கான எல்லாத் தகுதியும் எனக்கு உண்டு. ஜிஎஸ்டி சாலையோரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பல வருடமாக அல்காரிதம் பாடம் எடுக்கிறேன். பாடம் எடுப்பவருக்குப் பாடம் தெரிந்திருக்கும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

இந்த வேலையை என் தலையில் கட்டியது மனைவியின் தம்பி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈசிஆர் ஓரத்து இறால் ஹேச்சரி ஒன்றில் அவன் டெக்னீஷியன். வனாமி இறாலுக்கு இந்தியாவில் 2009ல் அனுமதி கிடைத்ததிலிருந்து வெளிநாட்டுத் தாய் இறால்கள் விமானத்தில் வந்து, நீலாங்கரையில் தனிமைக் காப்பில் இருந்துவிட்டு, இந்தக் கரையோரத்து ஹேச்சரிகளுக்கு வருகின்றன. இங்கே பொரியும் குஞ்சுகள் ஆந்திரப் பண்ணைகள் வரை போகின்றன. ஒருமுறை அவன் பொறுப்பில் இருந்த தொட்டியில் வெண்புள்ளி இருக்கிறது என்று பிசிஆர் சோதனை சொல்லிவிட்டது. பண்ணைக் குட்டைக்குள் இது நுழைந்தால் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் மொத்தக் குட்டையும் மிதக்கும். 1994ல் இந்தியக் கரைக்கு வந்த நோய், இன்னும் போகவில்லை. தொட்டியில் இருந்ததை அழித்து, குளோரின் விட்டுக் கழுவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான்.

"மாமா, இது தாய் இறாலோட வந்துச்சா, கடல் தண்ணியில வந்துச்சான்னு உங்க கம்ப்யூட்டர்ல பாக்க முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றேன். மச்சான் கேட்டு, முடியாது என்று சொன்ன மாமா செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

எழுத்து வரிசைகளை ஒப்பிடும் வேலை டைனமிக் புரோகிராமிங்கில் அடங்கும். ரிச்சர்ட் பெல்மன் 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய முறை இது. 1970ல் நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் அதைப் புரத வரிசைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வரிசையை மேலே படுக்கையாக எழுத வேண்டும், மற்றதை இடப்பக்கம் செங்குத்தாக. நடுவில் கட்டம் கட்டமாக அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்: இதுவரை வந்த இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கக் குறைந்தது எத்தனை திருத்தம் வேண்டும் என்பது. அதைக் கணக்கிட மூன்று அண்டைக் கட்டங்கள் தெரிந்தால் போதும்: மேலே இருப்பது, இடப்பக்கம் இருப்பது, மேல் இடமூலையில் இருப்பது. சின்னக் கேள்விகளின் விடையை எழுதி வைத்துக்கொண்டு பெரிய கேள்விக்கு ஏறிப்போகலாம். வகுப்பில் இதைச் சொல்லும்போது "எழுதி வை, மறுபடி கணக்குப் போடாதே" என்று பலகையில் அடிக்கோடு போடுவேன்.

நிரலை முதலில் ஊர்ப் பெயர்களில் சோதித்தேன். மாமல்லபுரத்தை மகாபலிபுரம் ஆக்க எத்தனை திருத்தம்? கையால் போட்டால் 4. நிரலும் 4 என்றது. அதையே மறுநாள் வகுப்பில் பெருமையாகக் காட்டினேன். முன் பெஞ்சு மாணவி ஒருத்தி செங்கல்பட்டையும் செங்கழுநீர்ப்பட்டையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். கையால் போட்டால் ‘ல்’ போய் ‘ழுநீர்ப்’ வர வேண்டும், 4 திருத்தம். நிரல் 7 என்றது. தமிழில் ‘நீ’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் நகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என இரண்டு. என் நிரல் குறிகளை எண்ணிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்தில் எழுத்தாக எண்ணினாலும் குறியாக எண்ணினாலும் தற்செயலாக 4 வந்து என்னைக் காப்பாற்றியிருந்தது. "வைரஸ்ல ஏ, சி, ஜி, டிதான், அங்க இந்தப் பிரச்சினை வராது" என்று சமாளித்தேன். வரவில்லைதான். வேறு வந்தது.

2,92,967ஐ 3,05,107ஆல் பெருக்கினால் 8,938 கோடிக் கட்டம். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 357 ஜிபி. என் மடிக்கணினியில் ராம் 16 ஜிபி. இந்தப் பெருக்கலை நிரலை ஓட்டுவதற்கு முன்பு செய்திருக்கலாம். திரை உறைந்து, மவுஸ் அம்பு நகராமல் நின்ற பிறகு ஒரு காகிதத்தில் செய்தேன். முழு அட்டவணையையும் வைத்திருக்கத் தேவையில்லை, இப்போதைய வரியும் முந்தைய வரியும் போதும். பாதையும் வேண்டுமென்றால் ஹிர்ஷ்பர்க் 1975லேயே வழி சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியை ஒவ்வொரு வருடமும் "நேரமில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று மாணவர்களிடம் விட்டுவிடுவேன். அந்த வருடம் நானே படித்துக்கொண்டேன்.

இரண்டு வரி வைத்து பைத்தானில் எழுதினேன். விநாடிக்குப் பத்து லட்சம் கட்டம் நிரப்பினாலும் மொத்தமும் முடிய 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும் என்று ஓட்டிவிட்டுப் படுத்தேன். அக்னி நட்சத்திர சமயம். மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. மடிக்கணினியின் பேட்டரியோ, பிளக்கைப் பிடுங்கினால் பத்து நிமிடம் தாங்கும் வயதில் இருந்தது. இடையில் எந்த வரி வரை வந்தது என்று வட்டில் சேமிக்கச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. "எழுதி வை, மறுபடி கணக்குப் போடாதே" என்று அடிக்கோடு போடுகிற அதே கை.

"ஆயிடுச்சா மாமா?" என்று போனில் கேட்டான்.

"இணையாக ஓட்டப் போறேன்" என்றேன். மடிக்கணினியில் எட்டு கோர். எட்டு பேர் சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு நேரம். இதைச் சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் தானாக வரும்.

எட்டு த்ரெட் போட்டேன். விசிறி எட்டு மடங்கு கத்தியது, வேகம் அப்படியே இருந்தது. பைத்தானில் ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்தான் ஓட முடியும் என்று ஜிஐஎல் என்ற பூட்டு உண்டு. அதைக் கழற்றிய பதிப்பு 2024 அக்டோபரில், 3.13ல்தான், சோதனை முறையில் வந்தது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன்.

சி மொழிக்கு மாறினேன். அதில் ஒற்றை கோரிலேயே சில நிமிடத்தில் விடை வந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தப் பத்தியே இல்லை. ஆனால் இணையாக ஓட்டுவதாக மச்சானிடம் சொல்லியாயிற்றே. ஓபன்எம்பி என்று ஒரு வசதி, 1997ல் வந்தது. சுழற்சிக்கு மேலே ஒரு வரி எழுதினால் போதும், வேலையை கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். எழுதினேன். ஒரு வரியின் கட்டங்களை எட்டாகப் பங்கிட்டு எட்டு கோரும் ஒரே சமயத்தில் நிரப்பின. நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆசிரியர் அறையில் டீ வரும் நேரம் பார்த்து அறிவித்தேன். ஐந்து மடங்கு! ஒருவர் கைகொடுத்தார்.

அன்று மாலை லேபில் அதே மாணவி அதே நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு வேற நம்பர் வருது" என்றாள். நான் ஓட்டினேன், மூன்றாவதாக ஓர் எண். திரும்ப ஓட்டினேன், நான்காவது. ஓட்டும்தோறும் புது விடை. நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். இங்கே பல ஏரிகள் சங்கிலியாக இருக்கும். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழேரிக்குத் தண்ணீர். கீழேரிக்காரர் எத்தனை பேரைக் கூட்டி வந்து மதகில் நிறுத்தினாலும் மேலேரி வழிகிற வரை அவர்களுக்கு வேலை இல்லை. என் அட்டவணையும் அப்படித்தான். ஒரு கட்டம் தன் இடப்பக்கக் கட்டத்தின் விடைக்காகக் காத்திருக்க வேண்டும். நான் வரியை எட்டாக வெட்டியதும் இரண்டாவது கோர் முதல் கோர் முடிக்கும்வரை காத்திருக்காமல், அந்த இடத்தில் கிடந்த பழைய எண்ணை எடுத்துப் போட்டுக் கணக்கைத் தொடர்ந்தது. எந்த கோர் எப்போது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறியது. ஐந்து மடங்கு வேகம் வந்தது யாரும் யாருக்காகவும் காத்திருக்காததால்.

ஆனால் ஒரே சங்கிலியில் இல்லாத ஏரிகள் ஒரே மழையில் சேர்ந்து நிரம்பலாம், ஒன்றுக்கொன்று தொந்தரவில்லை. அட்டவணையில் அப்படிப்பட்ட கட்டங்கள் குறுக்கே, சாய்வாக இருக்கின்றன. வலமேலிருந்து இடக்கீழாக ஒரு சாய்கோடு போட்டால் அதில் உள்ள எந்தக் கட்டமும் அதே கோட்டிலுள்ள இன்னொன்றை நம்பி இல்லை. எல்லாமே முந்தைய இரண்டு சாய்கோடுகளைத்தான் கேட்கும். எனவே ஒரு சாய்கோட்டை எத்தனை கோர் வேண்டுமானாலும் பங்கிட்டுக்கொள்ளலாம். இடமேல் மூலையில் தொடங்கி வலக்கீழ் மூலை வரை அலையாக நகர வேண்டும். இது புது யோசனை இல்லை. வோஸ்னியாக் 1997லேயே செயலிகளின் சிறப்புக் கட்டளைகளை வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறார். அலையை நான் கண்டுபிடித்ததாக மச்சானிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அலை எழுதினேன். விடை இப்போது ஒவ்வொரு முறையும் ஒன்றே. எதிர்பார்த்த வேகம் மட்டும் வரவில்லை.

காரணம் எண்ணிக்கையில் இருந்தது. சாய்கோடுகள் மொத்தம் 5,98,073. ஒவ்வொன்றின் முடிவிலும் எட்டு கோரும் "எல்லாரும் வந்தாச்சா" என்று நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் சாய்கோட்டில் ஒரே ஒரு கட்டம், அடுத்ததில் இரண்டு. அந்த ஒற்றைக் கட்டத்துக்காக எட்டு கோரையும் எழுப்பி, ஏழை வேடிக்கை பார்க்க வைத்து, பிறகு கூட்டத்தைக் கலைத்தேன். எங்கள் துறைக் கூட்டங்களை நடத்திய அனுபவம் நிரலில் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு பெரிய யோசனை. திருச்சி என்ஐடியில் 2022ல் பரம் பொருள் என்ற சூப்பர் கணினியைத் தொடங்கி வைத்தார்கள், 838 டெராஃப்ளாப்ஸ். அங்கே நேரம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன், "கடற்கரையோர இறால் தொழிலின் நலன் கருதி" என்று ஆரம்பித்து. வரைவைப் படித்துவிட்டு மாணவி கேட்டாள்: "சார், அங்க போனா முதல் கட்டத்தை எத்தனை கோர் போடும்?" ஒன்றுதான். 1967லேயே ஆம்டால் சொன்னது இது. வேலையில் பத்தில் ஒரு பங்கை யாருக்கும் பங்கிட முடியாது என்றால், ஆயிரம் கோர் இருந்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. விண்ணப்பம் இன்னும் வரைவு கோப்புறையில் பத்திரமாக இருக்கிறது.

தீர்வு பெரிய கணினியில் இல்லை, பெரிய கட்டத்தில் இருந்தது. 1024க்கு 1024 கட்டங்களை ஒரு பாத்தியாகச் சேர்த்து, ஒரு பாத்தி முழுவதையும் ஒரே கோரிடம் கொடுத்து, பாத்திகளின் சாய்கோட்டில் அலையை ஓட்டினால் 5,98,073 காத்திருப்புகள் 584 ஆகிவிடும். இதை நான் ஒரு சனிக்கிழமை முழுக்கக் குழப்பி, பாத்திகளின் விளிம்பில் ஒரு கட்டம் தள்ளி எழுதி, தப்பான விடையை நல்ல வேகத்தில் பெற்று, பிறகு சரி செய்தேன். கடைசியில் வேகமும் வந்தது, விடையும் மாறாமல் இருந்தது, ஒற்றை கோரின் விடையோடு ஒத்தும் போனது.

அந்த விடைதான் அபத்தமாக இருந்தது. ஒரே வைரஸின் இரண்டு மாதிரிகள் என்று நான் கொடுத்தவற்றை, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு உயிர்கள் என்றது நிரல். மறுபடி நிரலைச் சந்தேகித்தேன். ஓபன்எம்பி வரியை எடுத்தேன், போட்டேன். மடிக்கணினியைக்கூடச் சந்தேகித்தேன். தப்பு உயிரியலில். வெண்புள்ளி வைரஸின் மரபுத்தொகுதி வட்டமானது, அதற்கு முனை கிடையாது. எங்கே முதல் எழுத்து என்று வைத்துக்கொள்வது படித்தவரின் விருப்பம். தாய்லாந்து வரிசை தொடங்கும் இடம் வேறு, சீன வரிசை தொடங்கும் இடம் வேறு. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்படி சுழற்றி வைத்தபோது நீளநீளமாக ஒத்துப்போனது. தாய்லாந்து வைரஸில் ஓரிடத்தில் பெரிய துண்டு இல்லாதது பளிச்சென்று தெரிந்தது. அதைத் தைவான் வைரஸோடு ஒப்பிட்டால் அங்கே ஏறத்தாழ 13 ஆயிரம் எழுத்து விடுபட்டிருக்கிறது என்பது ஆய்வாளர்கள் எப்போதோ எழுதி முடித்த சங்கதி. என் எட்டு கோரும் அதையே கண்டுபிடித்தன.

நீளமான தொகுதிகளுக்கு முழு அட்டவணை போடுவதே வழக்கமில்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. இரண்டிலும் அப்படியே பொருந்தும் துண்டுகளை முதலில் தேடி, இடையில் விடுபட்ட சின்னப் பகுதிகளுக்கு மட்டும் டைனமிக் புரோகிராமிங் போடுவார்கள். 1999ல் வந்த மம்மர் என்ற கருவி இப்படித்தான் 40 லட்சம் எழுத்துக்கு மேலுள்ள காசநோய்க் கிருமித் தொகுதிகளை ஒப்பிட்டது. இலவசமாகக் கிடைக்கிறது. தரவிறக்கி ஓட்டினேன். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முடித்துவிட்டது.

மச்சானுக்குப் போன் போட்டேன். வண்ணம் தீட்டிய வரைபடமும் அனுப்பியிருந்தேன்.

"சூப்பர் மாமா. இதுல எது தாய்லாந்து, எது சீனா?"

சொன்னேன்.

"சரி, இதுல நம்ம தொட்டி எங்க மாமா?"

நம் தொட்டி அதில் இல்லை. அந்தத் தொட்டி வைரஸின் எழுத்து வரிசையை யாரும் படிக்கவே இல்லை. பிசிஆர் இருக்கிறது, இல்லை என்று மட்டும்தான் சொல்லும். மாதிரியை வைத்திருந்து, அதை வரிசைப்படுத்தி, தாய் இறாலின் மாதிரியையும் வரிசைப்படுத்தினால்தான் ஒப்பிடவே ஏதாவது இருக்கும். மாதிரி என்று இருந்தது எல்லாம் குளோரினோடு போய்விட்டது. இத்தனை நாளும் நான் மகாபலிபுரம் இறாலுக்காகத் தாய்லாந்தையும் சீனாவையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்ல மாமா, வந்த வழியை அப்பவே சூப்பர்வைசர் கண்டுபிடிச்சிட்டாரு. தண்ணி ஃபில்டர் கிழிஞ்சிருந்துச்சு."

இப்போது ஈசிஆரில் போகும்போது முட்டுக்காட்டில் ஒரு பலகையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் களநிலையம் அங்கே இருக்கிறது. அந்த நிறுவனத்தார் நம் நாட்டு வெள்ளை இறாலின் மரபுத்தொகுதியைச் சுமார் 193 கோடி எழுத்தளவுக்குக் கோத்து வெளியிட்டிருக்கிறார்கள். இறால் மரபுத்தொகுதி கோப்பதற்குக் கஷ்டமானது. ஒரே சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். வனாமியில் நாலில் ஒரு பங்கு ஏறக்குறைய அப்படித்தான். எது எதோடு பொருந்துகிறது என்று தெரியாமல் ஒப்பீட்டு நிரல்கள் திணறும். அதைச் செய்து முடித்தவர்கள் இருக்கும் சாலையில், 3 லட்சம் எழுத்தை வைத்துக்கொண்டு நான் பேருந்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

இருந்தும் அலை எனக்குப் பிடித்துப்போனது. கஷ்டப்பட்டுக் கற்றதில்லையா? அந்தப் பருவம் முழுக்க வகுப்பில் சாய்கோடு, பாத்தி, காத்திருப்பு. பருவத் தேர்வுக்கு வினாத்தாள் நான்தான். பைக்குள் பொருள்களை எடைக்குள் அடக்கி மதிப்பைக் கூட்டும் நேப்சாக் கணக்கைக் கொடுத்து, "இதன் அட்டவணையை எட்டு கோர்களுக்கு எப்படிப் பங்கிடுவாய்?" என்று கேட்டேன். விடைக் குறிப்பில் சாய்கோடு என்று எழுதி வைத்தேன். வகுப்பே சாய்கோடு எழுதியது. அந்த மாணவி மட்டும் வரி வரியாக என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்தேன்.

விடைத்தாளைப் பார்த்துவிட்டு வந்தாள். "சார், ஒவ்வொரு பொருளும் ஒரு தடவைதான்னா, இதுல ஒரு கட்டம் மேல் வரியை மட்டும்தானே பாக்குது? பக்கத்துக் கட்டத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாமே."

பார்த்தேன். காத்திருக்க வேண்டாம்தான். அந்தக் கணக்கில் ஒரு வரி முழுவதையும் எட்டாக வெட்டிக் கொடுத்துவிடலாம். வைரஸில் நான் முதலில் செய்த அதே வெட்டு, இங்கே அதுதான் சரி. சாய்கோடு போட்டாலும் விடை வரும், ஆனால் சும்மா சுற்றிப் போகிற வேலை.

அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். மற்றவர்களுக்குப் போட்டதைக் குறைக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே எழுதியிருந்தார்கள்.